ரேடியேட்டர் சுடுகிறது, குழாய்த் தண்ணீர் சுடவில்லை

லண்டன் வீட்டில் எங்களுடையது காம்பி பாய்லர்; ரேடியேட்டர், குழாய் வெந்நீர் இரண்டுக்கும் அது ஒன்றே. ரேடியேட்டர்கள் நன்றாகச் சுடும். குளியலறைக் குழாயில் மட்டும் தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டாது. பர்னர், பம்பு இரண்டும் சரி என்று ரேடியேட்டர் சுடுவதிலிருந்தே தெரிந்துவிடும். சூட்டை ரேடியேட்டருக்கோ குழாய்த் தண்ணீருக்கோ திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வு மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம் போகும். ஆனால் பாய்லர் திரையில் 50 டிகிரி காட்டும்போது, குழாயடியில் பிடித்த சமையலறைத் தெர்மாமீட்டரில் 35கூட இல்லை. அப்போதே தண்ணீரின் சூட்டை அளக்கும் சென்சாரில்தான் கோளாறு இருக்கும் என்று பட்டது.

கேஸ் சேஃப் (பிரிட்டனில் கேஸ் வேலை செய்பவர்களுக்கான பதிவேடு) பதிவுள்ள மெக்கானிக் வந்துதான் மூடியைத் திறந்தார்; கேஸ் விஷயத்தில் நாமே கைவைக்கக் கூடாது. வெந்நீர்க் குழாயில் கிளிப் போட்டு மாட்டியிருந்த சென்சாரைக் கழற்றி, மல்டிமீட்டரை வைத்தார். சூடு ஏற ஏற மின்தடை குறையும் வகை இது. எங்கள் பாய்லருக்கு 25 டிகிரியில் 10 கிலோ ஓம், 60 டிகிரியில் சுமார் 2.5 இருக்க வேண்டும். நன்றாக ஆறிக் கிடந்தபோதே 6 காட்டியது! பச்சைத் தண்ணீரைச் சுடுதண்ணீர் என்று நம்பி, பாய்லரைக் கட்டுப்படுத்தும் போர்டு நெருப்பைக் குறைத்துக்கொண்டே இருந்திருக்கிறது, பாவம். முனைகளில் பூத்திருந்த பச்சைக் களிம்பைச் சுரண்டித் துடைத்தும் பார்த்தார், அதே 6தான்.

சரி, புதுசு போட்டுவிடலாம் என்றார். விரல் நுனியளவுதான் இருக்கும், மாட்டச் சில நிமிடங்கள். இப்போது திரையும் தெர்மாமீட்டரும் ஏறக்குறைய ஒன்றையே காட்டுகின்றன.