கொழும்பிலிருந்து ஓர் உக்ரேனியக் கிராமத்தின் வரலாற்றை எழுதும் முறை

உக்ரேனியக் கிராமம் ஒன்றைப் பற்றித் தமிழில் எழுத விரும்புவோர், ஆண்டுகளைத் தேடுவதற்கு முன் அது எந்த ஆற்றங்கரையில் உள்ளது என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். அந்நாட்டில் ஒரே பெயரில் பல கிராமங்கள் உள்ளன. 2020 ஜூலையில் 490 மாவட்டங்கள் 136 ஆகக் குறைக்கப்பட்டதால், பழைய நூல் கூறும் மாவட்டம் இன்றைய வரைபடத்தில் இல்லாமலும் போகலாம். நமது பிரதேச சபையை ஓரளவு ஒத்த 'ஹ்ரோமாதா' என்னும் உள்ளூராட்சி அலகின் பெயரையும் குறித்துக்கொண்டால் ஊர் மாறிப்போகாது.

கீவ் நகருக்குத் தெற்கே, தினீப்பர் ஆற்றின் வலக்கரையில் உள்ள திரிபில்யாவை எடுத்துக்கொள்வோம். 1970களில் கனிவ் நீர்த்தேக்கம் நிரப்பப்பட்டபோது ஆறு அகன்றுவிட்டது. எனவே பழைய வரைபடத்தையும் செய்மதிப் படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்த பின்னரே கரையை வருணிக்க வேண்டும். 1093இல் குமான்கள் என்னும் நாடோடி மக்களுடன் நடந்த போரைக் கூறும், கீவைத் தலைநகராகக் கொண்ட பழைய ரூஸ் அரசின் வரலாற்றேடு இவ்வூரைக் குறிப்பிடுகிறது. 1890களில் தொல்லியலாளர் விகென்தி க்வொய்கா இப்பகுதியில் நடத்திய அகழ்வுகளின் பயனாக, வண்ண மட்பாண்டங்களுக்குப் புகழ்பெற்ற தொல்பண்பாடு ஒன்றுக்கு இவ்வூரின் பெயரே நிலைத்தது. ஆயினும், அந்தப் பண்பாடு மறைந்து மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே ஊரின் பெயர் ஏட்டில் ஏறுகிறது. இரண்டையும் ஒரே தொடர்ச்சியாக எழுதுவது தவறு. சொந்த ஊரின் பழைமையை நீட்டிச் சொல்லும் ஆசை நமக்கும் புதிதன்று.

அடுத்து, எந்த ஆண்டில் எந்த அரசு ஆண்டது என்பதைக் கண்டறியுங்கள். பதிவேட்டின் மொழியையும் அது பேணப்படும் ஆவணக் காப்பகத்தையும் அதுவே தீர்மானிக்கும். ரஷ்யப் பேரரசுக்கு உட்பட்டிருந்த திரிபில்யாவின் 19ஆம் நூற்றாண்டுத் தேவாலயப் பதிவுகள் ரஷ்ய மொழியில், இன்றைய நாட்காட்டிக்கு 12 நாள் பின்தங்கிய ஜூலியன் முறையில் அமைந்தவை. 1772 முதல் 1918 வரை ஆஸ்திரியாவின் கீழிருந்த, மேற்கு உக்ரேனின் கலீசியப் பகுதிக் கிராமமாயின், லத்தீன் மொழிப் பதிவுகளை எதிர்பார்க்கலாம். இவற்றை வெள்ளவத்தைப் புத்தகக் கடைகளில் தேடிப் பயனில்லை. இணையத்தில் கிடைக்கும் படிமங்களே வழி. சிரில்லிக் எழுத்தை வாசிக்க, உக்ரேனில் மருத்துவம் படித்துத் திரும்பிய ஒருவரின் உதவியை நாடலாம். ஆனால் பழைய கையெழுத்து அவருக்கும் எளிதாக இராது.

சோவியத் காலத்து ஊர் வரலாறுகளை மிகுந்த கவனத்தோடு கையாள வேண்டும். 1932–33 பெரும் பஞ்சத்தைப் பற்றி அவை மௌனம் காக்கின்றன. 1919இல் திரிபில்யாவில் கொல்லப்பட்ட இளம் கம்யூனிஸ்டுகளைத் தியாகிகளாகப் போற்றிய அந்நூல்கள், அவர்களை எதிர்த்துப் போரிட்ட அத்தமான் (கிளர்ச்சிப் படைத்தலைவர்) ஸெலெனியைக் கொள்ளைக்காரனாகவே காட்டின. அவர் அதே ஊரில் பிறந்தவர் என்பதையும், இன்று பலர் அவரை விடுதலைப் போராளியாகக் கருதுவதையும் சேர்த்து எழுதினால்தான் நிகழ்வு விளங்கும்.

ஊராருக்குக் கேள்விகள் அனுப்பும்போது, கீவ் நேரம் கோடையில் நமக்கு இரண்டரை மணிநேரமும் குளிர்காலத்தில் மூன்றரை மணிநேரமும் பிந்தியது என்பதை நினைவிற்கொள்ளுங்கள். அருகிலுள்ள அனல்மின் நிலையம் 2024 ஏப்ரல் 11 அன்று ரஷ்ய ஏவுகணைத் தாக்குதலில் அழிக்கப்பட்டது. ஆகவே, ஊராரின் பாதுகாப்புக் கருதி, மின் நிலையங்கள், பாலங்கள் ஆகியவற்றின் தற்போதைய நிலையைக் கேட்காமல், பழைய புகைப்படங்களையும் வயல்களின் பெயர்களையும் மட்டும் கேளுங்கள்.