ஆளுக்கொரு பந்து: தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விளையாட்டு வழியே பந்துக் கட்டுப்பாடு

பி.டி. பீரியடில் கால்பந்து கையில் கிடைத்ததும் பெரும்பாலும் நடப்பது இதுதான். 30 பிள்ளைகள், 3 பந்து. மூன்று வரிசை. முன்னால் நிற்பவர் பந்தைத் தட்டிக்கொண்டே போய்க் கம்பத்தைச் சுற்றித் திரும்பி வர வேண்டும். பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆளுக்கு 15 விநாடி என்றால், பத்துப் பேர் வரிசையில் தன் முறை திரும்ப வர இரண்டரை நிமிடம். 10 நிமிடத்தில் 4 முறை. முறைக்குப் பத்துத் தடவை பந்தைத் தொட்டாலும் மொத்தம் 40. அதே 10 நிமிடம் ஆளுக்கொரு பந்தைக் கொடுத்துக் கட்டத்துக்குள் விட்டால், பாதி நேரம் நின்றே போனாலும் 200 தடவை கால் பந்தில் படும்.

பந்து காலுக்குப் பழகுவது தொட்டுத் தொட்டுத்தான். சொல்லிக்கொடுத்து வருவது அதில் கொஞ்சம்தான். அதனால் வரிசையை ஒழிப்பதே முதல் வேலை. கீழே உள்ளவை 6 முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு, ஒரே ஆசிரியர் 24 பேரை வைத்துக்கொண்டு நடத்தக்கூடியவை. உடற்கல்வி ஆசிரியர் இல்லாத பள்ளியில் வகுப்பாசிரியரே நடத்தலாம். கால்பந்து ஆடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பந்து: அளவும் காற்றும்

5 முதல் 8 வயதுக்கு 3-ஆம் எண் பந்து (சுற்றளவு 58–61 செ.மீ.). 9 முதல் 12 வரை 4-ஆம் எண் (சுமார் 63–66 செ.மீ.). பள்ளி அலமாரியில் கிடப்பது அநேகமாக 5-ஆம் எண்; அது பெரியவர்கள் ஆடுவது, சுற்றளவு 68–70 செ.மீ. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அதன் உச்சியில் கால் வைக்க வேண்டுமானால் முழங்காலை இடுப்பு வரை தூக்க வேண்டியிருக்கும். உடனே நிலை தடுமாறும். பிள்ளைக்கு வரவில்லை என்று நாம் நினைத்துக்கொள்வோம். தப்பு பந்தில் இருக்கும்.

காற்றைக் கல்லுப் போல ஏற்றாதீர்கள். இரண்டு கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு செ.மீ. அளவு உள்ளே போக வேண்டும். சிமென்ட் தரையானால் இன்னும் கொஞ்சம் இறக்கலாம். உள்ளரங்கில் ஆடும் ஃபுட்சால் பந்தையே துள்ளாதபடிதான் செய்கிறார்கள்: 2 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் 50 முதல் 65 செ.மீ. தான் எழும்ப வேண்டும் என்பது விதி. துள்ளாத பந்து காலடியில் கிடக்கும். கற்பதற்கு அதுதான் வேண்டும்.

24 பந்துக்கு எங்கே போவது? செய்துகொள்ளலாம். ஒரு பந்துக்கு வேண்டியவை: பழைய செய்தித்தாள் 10 தாள், ஒரு பழைய டி-சர்ட், சைக்கிள் கடையில் கழித்துப் போட்ட ட்யூப்.

தாள்களை ஒவ்வொன்றாகக் கசக்கி, ஒன்றின் மேல் ஒன்று சுற்றி இறுக்குங்கள். எல்லாத் தாளையும் சேர்த்து ஒரேயடியாகக் கசக்கினால் உருண்டை வராது, மூட்டை மாதிரி வரும். அதை டி-சர்ட் துணியில் பொதிந்து, முடிச்சு வெளியே துருத்தாமல் உள்ளே செருகி, மேலே துணிக் கீற்றுகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றுங்கள். விட்டம் 16 முதல் 18 செ.மீ. வந்தால் போதும். கடைசியில் ட்யூபை ஒரு விரல் அகல வளையங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் இழுத்துப் பந்தின் மேல் மாட்டுங்கள். 15 வளையம் மாட்டினால் பந்து பிரியாது, மழை ஈரத்துக்கும் சற்றுத் தாங்கும். எல்லா வளையத்தையும் ஒரே திசையில் மாட்டினால் பந்து பீப்பாய் மாதிரி நீண்டுவிடும். ஒவ்வொரு முறையும் பந்தைக் கொஞ்சம் திருப்பி மாட்டுங்கள்.

இது தூரம் ஓடாது, காலை விட்டு விலகாது. முதல் இரண்டு வாரத்துக்குக் கடைப் பந்தைவிட இது மேல் என்றே சொல்லலாம்.

இடம்

ஒரு பிள்ளைக்கு 3 மீட்டருக்கு 3 மீட்டர் என்று வைத்தால் 24 பேருக்கு 15 × 15 மீட்டர் கட்டம். கோடு போடக் கோலமாவு. சுண்ணாம்புப் பொடி வேண்டாம். கண்ணில் பட்டால் புண்ணாக்கும், வெறுங்காலில் விரலிடுக்கு வெந்துபோகும். அடையாளத்துக்குப் பழைய செருப்பு, அல்லது பாதி மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டில். செங்கல்லும் கல்லும் வைக்கவே கூடாது.

பிள்ளைகளை இறக்குமுன் தரையில் ஒரு நடை நடந்து முள், கண்ணாடித் துண்டு, கம்பி பொறுக்கிவிடுங்கள். மைதான ஓரத்தில் கருவேலம் இருந்தால் அந்தப் பக்கத்தை இரண்டு முறை பாருங்கள். காலை முதல் பீரியடோ மாலைக் கடைசிப் பீரியடோ கேட்டு வாங்குங்கள்.

ஷூ இல்லையே என்று எந்தப் பிள்ளையையும் உட்கார வைக்காதீர்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியக் கால்பந்து அணியில் பெரும்பாலோர் வெறுங்காலோடுதான் ஆடினார்கள். பிரான்ஸிடம் 1–2 என்ற கணக்கில்தான் தோற்றார்கள். பழகும்போது வெறுங்கால் நல்லதும்கூட, பந்து எங்கே படுகிறது என்று பாதம் உணரும். ஒரே ஒரு கட்டாயம்: பந்தைப் பறிக்கும் ஆட்டங்களில் ஷூ போட்டவர்களையும் வெறுங்காலர்களையும் கலக்கக் கூடாது. எல்லாரும் கழற்றட்டும், அல்லது இரண்டு கட்டமாகப் பிரியுங்கள்.

படி 1: காலுக்கும் பந்துக்கும் பழக்கம் (5 நிமிடம்)

எல்லாரும் கட்டத்துக்குள் நிற்கட்டும், காலடியில் பந்து. முதலில் 'மணி': பந்தை இரண்டு உள்பாதங்களுக்கும் நடுவே வைத்து, மணியின் நாக்கு மாதிரி இடமும் வலமும் தட்டுவது. 20 எண்ணிக்கை. முழங்கால் விறைத்திருந்தால் பந்து நாலாவது தட்டிலேயே ஓடிவிடும். லேசாக மடக்கச் சொல்லுங்கள்.

அடுத்து 'மிதி': பந்தின் உச்சியை முன்பாதத்தால் மாற்றி மாற்றித் தொடுவது, படியேறுகிற மாதிரி. இங்கேதான் பிள்ளைகள் விழுவார்கள். தொடச் சொன்னால் ஏறி நிற்கிறார்கள். உடம்பின் முழுக் கனமும் பந்தின் மேல் இறங்க, பந்து முன்னால் உருள, பிள்ளை மல்லாக்க விழுகிறது. கவனித்துப் பார்த்தால் குதிகால் மேலே தூக்கியிருக்கும். சரி செய்வது எளிது. இரண்டிரண்டு பேராக நிறுத்தி, ஒருவர் தோளை மற்றவர் பிடித்துக்கொள்ளட்டும். கனம் முழுக்கத் தரையில் ஊன்றிய காலில் இருக்க வேண்டும், பந்தின் மேல் இருக்கும் கால் தூங்குகிற பூனைமேல் வைத்த கை மாதிரி இருக்க வேண்டும். குதிகால் கீழே, விரல் மேலே. இப்படி ஐந்து முறை செய்தால் தோளை விட்டுவிடுவார்கள்.

படி 2: நில், போ (8 நிமிடம்)

'போ' என்றால் கட்டத்துக்குள் எங்கு வேண்டுமானாலும் பந்தைத் தட்டிக்கொண்டு போகலாம். 'நில்' என்றால் முன்பாதத்தைப் பந்தின் மேல் வைத்துச் சிலையாக நிற்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

போகும்போது நுனிக்காலால் தட்டுவதுதான் எல்லாரும் செய்யும் முதல் தப்பு. விரல்நுனியில் பந்து படும் இடம் சிறியது. இம்மி விலகினாலும் பந்து வேறு திக்கில் பறக்கும். விரலைக் கீழ்நோக்கி மடக்கி, ஷூ லேஸ் வரும் இடத்தால் தட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு தட்டு. பந்து ஒரு எட்டுத் தூரத்துக்கு மேல் விலகினால் வேகம் அதிகம் என்று பொருள்.

மூன்றாவது நிமிடத்தில் ஒன்றைச் சேருங்கள். நீங்கள் கட்டத்துக்கு வெளியே நடந்துகொண்டே கையைத் தூக்கி விரல்களைக் காட்டுங்கள். பார்த்தவர்கள் எண்ணைக் கத்த வேண்டும். 'தலையைத் தூக்கு' என்று தொண்டை கிழியக் கத்தினாலும் தூக்காத பிள்ளை, இதற்குத் தானாகத் தூக்கும். நீங்கள் ஒரே இடத்தில் நின்றால் பயனில்லை; அந்தப் பக்கம் திரும்பி வைத்துக்கொண்டுவிடுவார்கள்.

படி 3: ஊர் மாறு (6 நிமிடம்)

நான்கு மூலைக்கும் ஊர்ப் பெயர் வையுங்கள், பிள்ளைகளே சொல்லட்டும். 'மதுரை' என்று கூவினால் எல்லாரும் பந்தோடு மதுரை போக வேண்டும். பாதி வழியில் 'திருச்சி' என்று மாற்றுங்கள். இப்போது திரும்ப வேண்டும். திரும்பத் தெரியாதவர்கள் பந்தைச் சுற்றிப் பேருந்து மாதிரி வளைவார்கள். அங்கேயே நிறுத்தி ஒன்றைக் கற்றுக்கொடுங்கள்: முன்பாதத்தைப் பந்தின் மேல் வை, பின்னால் இழு, உடம்பைத் திருப்பு, போ. ஐந்து முறை மெதுவாக, பிறகு ஆட்டத்தைத் தொடருங்கள்.

கூட்டமாகப் போகும்போது மோதல் வரும். முதல் நாள் 12 பேராக இரண்டு அணி பிரித்து, அணிக்கொரு ஊர் சொல்லிவிடுங்கள். இடது காலால் மட்டும் ஒரு சுற்று போகச் சொல்ல மறக்காதீர்கள்.

படி 4: வாசல் (8 நிமிடம்)

வந்த பந்தை நிறுத்துவது இங்கே. மரத்தில் ஏறியவர் கீழே போடும் மாங்காயைப் பிடிக்கும்போது கை எப்படிப் பின்வாங்குகிறது? விறைத்த கையில் விழுந்தால் மாங்காய் தெறித்து ஓடும். காலுக்கும் அதே கதை. முதலில் இரண்டு பேர் 2 மீட்டர் இடைவெளியில் நின்று பந்தைக் கையால் போட்டுப் பிடிக்கட்டும், சத்தமே வராமல். பிறகு தரையில் உருட்டி, உள்பாதத்தைப் பந்துக்குக் குறுக்கே காட்டி, பட்ட கணத்தில் காலை ஒரு சாண் பின்னுக்கு வாங்கச் சொல்லுங்கள். தாமதமாகப் பின்வாங்கினால் பந்து தெறிக்கும். முன்கூட்டியே வாங்கினால் பந்து காலுக்கடியில் நுழைந்துவிடும். பாதம் தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் இருக்கட்டும். அதற்கு மேல் தூக்கினாலும் பந்து அடியில் போய்விடும்.

இது பிடிபட்டதும் ஆட்டம். இரண்டு செருப்பை ஒரு மீட்டர் இடைவெளியில் வைத்தால் ஒரு வாசல். கட்டத்துக்குள் 15 வாசல் வையுங்கள். இரண்டு பேருக்கு ஒரு பந்து. ஒரு நிமிடத்தில் எத்தனை வாசல் வழியாகப் பந்தைத் தள்ளி மற்றவர் நிறுத்தினார் என்று எண்ண வேண்டும். அதே வாசலில் அடுத்தடுத்து இரண்டு முறை கணக்கில்லை. இரண்டாம் சுற்றில் தங்கள் பழைய எண்ணைத் தாண்ட வேண்டும், மற்ற ஜோடியின் எண்ணை அல்ல. மெதுவாகக் கற்கும் பிள்ளை இங்கேதான் தலை நிமிரும்.

படி 5: பந்தோடு கிளித்தட்டு (10 நிமிடம்)

யாழ்ப்பாணத்தில் தாச்சி என்பார்கள். கோட்டில் நின்று மறிப்பதும் மறித்தவரை ஏமாற்றித் தாண்டுவதும்தான் அதன் உயிர். பந்துக்கு அது அப்படியே பொருந்தும், பிள்ளைகளுக்கு விதி பாதி ஏற்கெனவே தெரியும்.

12 பேருக்கு ஒரு ஆடுகளம்: 8 மீட்டர் அகலம், 20 மீட்டர் நீளம், நடுவே 5 மீட்டர் இடைவெளியில் மூன்று குறுக்குக் கோடு. கோட்டுக்கு ஒருவராக மூன்று பேர் மறிப்பவர்கள். அவர்கள் கோட்டின் மேலேயே இடவலமாக மட்டும் நகரலாம். ஒரு கால் எப்போதும் கோட்டில் இருக்க வேண்டும். மற்ற 9 பேர் பந்தோடு, மூன்று மூன்று பேராகக் கிளம்பி மூன்று கோட்டையும் தாண்ட வேண்டும். முதல் மூவர் ஒரு கோட்டைத் தாண்டியதும் அடுத்த மூவர் கிளம்பலாம், காத்திருக்க வேண்டாம். மறிப்பவர் கால் பந்தில் பட்டால் பந்துக்காரர் தொடக்கத்துக்குத் திரும்பி, 5 'மிதி' செய்துவிட்டு மறுபடி வரலாம். 'அவுட்' கிடையாது. அவுட் வைத்தால் முதலில் வெளியேறி உட்காருவது அதிகப் பழக்கம் தேவைப்படும் பிள்ளைதான். 2 நிமிடத்துக்கு ஒருமுறை மறிப்பவர்களை மாற்றுங்கள். முதல் மாதம் கோடுகளெல்லாம் சுற்றிவரும் கிளியைச் சேர்க்க வேண்டாம்.

பெரும்பாலோர் முழு வேகத்தில் நேராகப் போய் மறிப்பவர் காலில் முட்டுவார்கள். கோட்டுக்கு இரண்டு எட்டு முன்னால் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். பந்தை வலப்பக்கம் கொஞ்சம் காட்டினால் மறிப்பவர் அந்தப் பக்கம் சாய்வார். அவர் கனம் அந்தக் காலில் இறங்கியதும் இடப்பக்கம் ஒரு தட்டு, இரண்டு எட்டு வேகம். சாய்ந்தவரால் உடனே திரும்ப முடியாது.

தலையால் முட்டும் பயிற்சி இந்த வயதில் வேண்டவே வேண்டாம். அமெரிக்கக் கால்பந்துச் சம்மேளனம் 10 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அதை நிறுத்துவதாக 2015-இல் அறிவித்தது.

40 நிமிடப் பீரியடில் மீதி 3 நிமிடம் தண்ணீருக்கும் பந்து எடுத்து வைக்கவும். பந்து கொடுக்கும்போது 'எடுத்துக்கோ' என்று சாக்கைக் கொட்டாதீர்கள். நல்ல பந்தெல்லாம் பலசாலிப் பையன்கள் கைக்குப் போய், பெண்பிள்ளைகளுக்குக் காற்றுப் போனது மிஞ்சும். நீங்களே கையில் கொடுங்கள்.

நாலு வாரம் கழித்து

ஐந்து செருப்பை ஒன்றரை மீட்டர் இடைவெளியில் நேராக வைத்து, வளைந்து வளைந்து போய்த் திரும்பச் சொல்லுங்கள். இதையும் வரிசை போட்டு நடத்தாதீர்கள். மற்றவர்கள் வாசல் ஆடிக்கொண்டிருக்கும்போது ஓரமாக ஒவ்வொருவராகக் கூப்பிடுங்கள். கடிகாரம் வேண்டாம். குறித்துக்கொள்ள வேண்டியது மூன்று: பந்து எத்தனை முறை ஒரு எட்டுக்கு மேல் விலகியது, இடது கால் எத்தனை முறை பட்டது, நடுவில் நீங்கள் காட்டிய விரலை எண்ணிச் சொன்னாரா. முதல் வாரமே ஒரு முறை குறித்து வைத்திருந்தால், இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்தப் பிள்ளைக்கே காட்டலாம்.