பில் மென்பொருளே ஷெல்லாக ஓடும் கொம்பியூட்டரில் செட்டிங்ஸைத் திறப்பது எப்படி?

கல்முனையிலோ காத்தான்குடியிலோ ஒரு பலசரக்குக் கடையின் கொம்பியூட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். போட்டவுடன் பில் மென்பொருள் மட்டும் திரை முழுக்க வரும். டாஸ்க்பாரும் இல்லை, ஸ்டார்ட் பட்டனும் இல்லை. டாஸ்க்பாரையும் ஸ்டார்ட் பட்டனையும் காட்டும் விண்டோஸின் எக்ஸ்புளோரருக்குப் பதிலாகப் பில் மென்பொருளை ஷெல்லாக, அதாவது உள்நுழைந்ததும் திரையைப் பிடித்துக்கொள்ளும் மென்பொருளாகப் பூட்டியிருப்பார்கள். கவுன்டரில் நிற்கும் பொடியன் ஃபேஸ்புக் பக்கம் போகாமலிருக்க நல்ல ஏற்பாடுதான். திகதி பிழைத்தால், புதுப் பிரின்டர் வந்தால்தான் தலையிடி.

விண்டோஸ் கீயோடு ஆர், ஐ, ஈ எதை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. அவற்றைக் கவனிப்பது எக்ஸ்புளோரர், அது ஓடவில்லை. ஆனால் கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மனேஜர் வரும், ஏனென்றால் அது எக்ஸ்புளோரரை நம்பியில்லை. விண்டோஸ் 10 என்றால் ஃபைல் மெனுவில் 'ரன் நியூ டாஸ்க்'. 11இன் புதிய பதிப்புகளில் அது மேலே தனிப் பட்டனாக இருக்கும். பெட்டி திறந்ததும் அட்மின் அனுமதிக்கான கட்டத்தில் சரி போட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் பெட்டியில் புதிய செட்டிங்ஸ் அப்பைக் கூப்பிட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். எக்ஸ்புளோரர் ஷெல்லாக இல்லாத இடத்தில் அது பெரும்பாலும் எழும்பாது. பழைய கொன்ட்ரோல் பனல் துண்டுகளைக் கூப்பிடுங்கள். எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்தில், இடைவெளி விடாமல்: திகதி, நேரத்துக்கு 'டைம்டேட்', புள்ளி, சி-பி-எல். நெட்வேர்க்குக்கு என்-சி-பி-ஏ, புள்ளி, சி-பி-எல். சத்தத்துக்கு எம்-எம்-எஸ்-வை-எஸ், புள்ளி, சி-பி-எல். டிரைவர் பார்க்க டி-ஈ-வி-எம்-ஜி-எம்-டி, புள்ளி, எம்-எஸ்-சி. திரைக்குரிய 'டெஸ்க்' துண்டு மட்டும் இப்போது புதிய செட்டிங்ஸுக்கே திருப்பிவிடும், ஆகவே உதவாது.

மாரியில் கரண்ட் போய்வந்த பிறகு திகதி பல வருடம் பின்னுக்குப் போயிருந்தால், முதலில் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பற்றரியை மாற்றுங்கள். மாற்றாமல் திகதியைத் திருத்தினால் அடுத்த கரண்ட் வெட்டோடு திரும்பவும் பிழைக்கும்; பில்லில் பழைய திகதி விழும், வங்கி இணையத்தளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டும். நேர வலயத்தையும் பாருங்கள்: 'ஸ்ரீ ஜெயவர்தனபுர', +5:30 என்று இருக்க வேண்டும்.

வைஃபைதான் கஷ்டம். புதிய ரவுட்டரைத் தெரிவுசெய்யும் பட்டியலே எக்ஸ்புளோரரின் துண்டு. அவசரத்துக்குப் போனைக் கேபிளில் கொழுவி, போனின் இணையத்தைக் கொம்பியூட்டருக்குக் கொடுக்கும் யூஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். பெரும்பாலும் எந்த செட்டிங்ஸும் கேட்காது.

இந்தச் சுற்றுவழியெல்லாம் அவசரத்துக்குத்தான். சரியான ஏற்பாடு இரண்டு கணக்குகள். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில், உள்நுழைவுக்குரிய வின்லொகன் கீழுள்ள 'ஷெல்' மதிப்பை 'லோக்கல் மெஷின்' பக்கம் மாற்றினால் எல்லாக் கணக்கையும் பிடிக்கும். அதை எக்ஸ்புளோரராகவே விட்டுவிட்டு, கவுன்டர் கணக்கின் 'கரண்ட் யூசர்' பக்கத்தில் மட்டும் பில் மென்பொருளை எழுதுங்கள். பாதையில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறிக்குள் போடுங்கள். பாதை பிழைத்தால் உள்நுழைந்ததும் வெறும் கறுப்புத் திரைதான், அப்போதும் டாஸ்க் மனேஜர் கைகொடுக்கும். முதலாளிக்குக் கடவுச்சொல்லோடு தனி அட்மின் கணக்கு. செட்டிங்ஸ் வேண்டுமென்றால் கொன்ட்ரோல், ஆல்ட், டிலீட் அழுத்தி 'சுவிட்ச் யூசர்' போய்ச் செய்துவிட்டுத் திரும்பலாம்.

அங்கே செய்யும் நேரமாற்றம், யூஎஸ்பி பிரின்டர், வைஃபை எல்லாம் கவுன்டர் கணக்குக்கும் வரும். எது முதன்மைப் பிரின்டர் என்பது மட்டும் கணக்குக்குக் கணக்கு வேறு. பில் பிரின்டருக்குப் போகாமல் ஏ4 பிரின்டரில் பில் விழுந்தால், பில் மென்பொருளின் சொந்தப் பிரின்டர் தெரிவை முதலில் பாருங்கள்.