காருக்குள் பெட்ரோல் வாடையா? எப்போது வருகிறது என்று முதலில் பாருங்கள்

பெட்ரோல் வாடை என்று போய் நின்றால் பல இடங்களில் மறுகேள்வி கேட்காமல், இன்ஜினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கழற்றிக் கழுவிவிட்டு பில்லை நீட்டுவார்கள். எனக்கும் அதுதான் நடந்தது, காசு போனது, வாடை போகவில்லை. அதனால் பானட்டைத் திறக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள்: ஃபுல் டேங்க் அடித்த அன்று வருகிறதா, காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, ஓட்டி நிறுத்திய பிறகா? எங்கே கோளாறு என்பதை அந்த நேரமே காட்டிக்கொடுத்துவிடும்.

அதற்கும் முன்னால், வண்டிக்கடியில் சொட்டுகிறது அல்லது வாடை கண்ணை எரிக்கிறது என்றால் ஸ்டார்ட் செய்யவே கூடாது. மைனஸ் 40 டிகிரிக் குளிரிலேயே பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவியாகிற சரக்கு அது, ஆவியும் காற்றைவிடக் கனம் என்பதால் மூடிய ஷெட்டில் தரையோடு தேங்கி நிற்கும். ஆட்களை இறக்கி, வெட்டவெளிக்குத் தள்ளி, டோ வண்டியைக் கூப்பிடுங்கள். பேட்டரி டெர்மினலைக் கழற்றப் போகாதீர்கள், அப்போது தெறிக்கும் சின்னப் பொறியே போதும். டேஷ்போர்டு பிள்ளையாருக்கு ஊதுபத்தி ஏற்றுகிறவர்கள் அன்றைக்கு அவரிடம் லீவு சொல்லிவிடலாம்.

சரி, சொட்டவில்லை, வாடை மட்டும்தான் என்றால் டிக்கியில் பெட்ரோல் கேன் ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

டேங்க் நிரப்பிய அன்று வந்தால் முதல் சந்தேகம் மூடி. உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் வெடித்திருந்தாலோ தட்டையாகியிருந்தாலோ மூடியை மாற்றினால் தீர்ந்தது. இரண்டாவது, நம் கைங்கரியம். பங்க்கில் ஆட்டோ கட் ஆன பிறகும் ரவுண்டாக வரட்டும் என்று இன்னும் கொஞ்சம் அடிக்கச் சொல்கிறோமே, அது. டேங்க்கில் எழும் ஆவியைக் கரி நிரம்பிய ஒரு டப்பா பிடித்துவைத்து, வண்டி ஓடும்போது இன்ஜினுக்கு அனுப்பும். கேனிஸ்டர் என்பார்கள். கழுத்துவரை நிரப்பினால் ஆவிக்குப் பதில் பெட்ரோலே அதற்குள் போய்க் கரி ஊறிவிடும், ஊறிய கேனிஸ்டரைப் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டியிருக்கும்.

என் வண்டியில் இரண்டும் இல்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது ஃபுல் டேங்க், வளைவில் திரும்பினால் குப்பென்று அடிக்கும். திரும்பி வந்து மெக்கானிக்கிடம் காட்டும்போது பாதி டேங்க், வாடையே இருக்காது, அவரும் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார். கடைசியில் பின்சீட்டைத் தூக்கினேன். பல வண்டிகளில் அதன் அடியில் ஒரு மூடியும், அதற்குக் கீழே பெட்ரோல் பம்ப்பும் இருக்கும். என்னுடையதில் மற்ற இடமெல்லாம் வெள்ளைப் புழுதி, பம்ப்பைச் சுற்றி மட்டும் மண் கறுத்து ஈரமாக இருந்தது. முன்பு எப்போதோ பம்ப்பைக் கழற்றியவர்கள் பழைய ரப்பர் ரிங்கையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். பெட்ரோலில் ஊதிப்போன ரிங் சரியாக உட்காராது. டேங்க் நிரம்பினால்தான் பெட்ரோல் அந்த உயரத்துக்கு அலம்பும், அதனால்தான் பாதி டேங்க்கில் பிடிபடவில்லை.

காலை முதல் ஸ்டார்ட்டில் சைலன்சர் பக்கம் ஓரிரு நிமிடம் லேசாக வருவது சாதாரணம். இன்ஜின் தடுமாறி, வாடையும் நிற்காவிட்டால் பொறி கொடுக்கும் ஸ்பார்க் பிளக்கையும் அதற்கு மின்சாரம் தரும் காயிலையும் பாருங்கள். இன்ஜின் ஆயில் அளவு பார்க்கும் குச்சியை, அதாவது டிப்ஸ்டிக்கை, எடுத்து முகருங்கள். ஆயிலில் பெட்ரோல் நாற்றம் தூக்கலாக அடித்து அளவும் ஏறியிருந்தால் இன்ஜெக்டர் ஒழுகக்கூடும், அப்புறம் அதைச் சரிசெய்து ஆயிலையும் சேர்த்து மாற்றாமல் ஓட்டக்கூடாது.

ஓட்டி நிறுத்தியதும் பானட் பக்கம் வந்தால் சந்தேகம் பெட்ரோல் ஹோஸ், அதன் கிளிப், இன்ஜெக்டரின் ரப்பர் வளையமான ஓ-ரிங் மேல். எலி கடித்த ஹோஸையும் மறக்காதீர்கள். இன்ஜின் ஆறிய பிறகு ஒருவரை உட்காரவைத்து, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் மூன்று நான்கு தடவை ஆன் செய்து ஆஃப் செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு தடவையும் பம்ப் ஓரிரு விநாடி ஓடி அழுத்தம் ஏற்றும். எல்இடி டார்ச்சில் பாருங்கள், ஈரம் அதற்குள் ஆவியாகியிருக்கலாம், ஆனால் புழுதிக்கு நடுவே கழுவிவிட்டது போன்ற இடமோ பழுப்புக் கறையோ தெரியும். சந்தேகமான மூட்டில் டிஷ்யூவை ஒற்றி வேறொருவரை முகரச் சொல்லுங்கள், நம் மூக்குக்குச் சில நிமிடத்திலேயே அந்த வாடை பழகிவிடும்.

ஹோஸ் மாற்றுவதென்றால் உள்ளே 3 முதல் 4 பார் அழுத்தம் இருப்பது நினைவிருக்கட்டும், டயர் காற்றைவிட அதிகம். பம்ப் ஃபியூஸை உருவிவிட்டு இன்ஜினை ஓடவிட்டால் தானாக அணையும், இன்னொரு தடவை செல்ஃப் அடித்துவிட்டு, துணி சுற்றிக் கழற்றுங்கள். பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டியில் அழுத்தம் பல மடங்கு, கைவைக்கவே வேண்டாம். டேப், எம்-சீல் ஒட்டுவது, பைக் டியூபைச் சொருகுவது எல்லாம் ஆபத்து. இன்ஜெக்‌ஷன் வண்டிக்கான ஹோஸ், எத்தனால் தாங்கக்கூடியது என்று கேட்டு வாங்குங்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் அதில் சீக்கிரம் கெடும்.

முடிந்ததும் வாடை எப்போது வந்ததோ அதே நிலையில்தான் சோதிக்க வேண்டும். நான் புது ரிங் போட்டுவிட்டு, ஆட்டோ கட் வரை மட்டும் நிரப்பி, பின்சீட்டில் தம்பியை உட்காரவைத்து வளைவு வளைவாக ஓட்டினேன். வாடை எதுவும் வரவில்லை, தலைதான் சுற்றுகிறது என்றான்.