மாலை போட ஒரு படம்: படம் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில வருடங்களுக்கு முன் ஓர் இரவு பதினொன்றரை மணிக்கு மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு பையன் கூப்பிட்டான். "அண்ணே, அப்பா தவறிட்டாரு. அக்கா கல்யாணத்துக்கு நீங்கதானே படம் எடுத்தீங்க? அப்பா தனியா இருக்கிற மாதிரி ஒன்னு வேணும். காலையில பத்து மணிக்குள்ள ஃப்ரேம் போடணும்."

இதில் என்ன சிரமம் என்றுதான் கம்ப்யூட்டரைத் திறந்தேன். அந்தக் கல்யாணத்தில் இரண்டாயிரம் படங்களுக்கு மேல் எடுத்திருந்தேன். தாலியை நெருக்கத்தில் எடுத்தது மட்டும் பதினாறு. மருதாணிக் கை, மோதிரம், அட்சதை பறக்கிற நொடி, எல்லாம் இருந்தன. பெண்ணின் அப்பாவும் இருந்தார். மகளுக்குப் பின்னால் மங்கலாக இருந்தார். குழுப் படத்தில் யாரோ கூப்பிட்ட பக்கம் திரும்பி இருந்தார். தாரை வார்க்கும்போது முகம் பாதி வெட்டுப்பட்டு இருந்தார். மூன்று மணி வரை தேடி, கடைசியில் பந்தியை மேற்பார்வை பார்த்துக்கொண்டு நின்ற ஒரு படத்திலிருந்து தலையை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிக் கொடுத்தேன். பின்னால் தெரிந்த சாம்பார் வாளியை அழிக்கவே அரை மணி நேரம் ஆனது.

பையன் ரொம்ப நன்றி சொன்னான். திட்டியிருந்தால்கூட எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

2009-லிருந்து பினாங்கில் படம் எடுக்கிறேன். அந்த இரவு வரை வளர்ச்சி என்றால் எனக்கு லென்ஸ்தான். முதல் பெரிய வருமானம் வந்ததும் 85 மில்லிமீட்டர், எஃப் 1.4 லென்ஸ் ஒன்றை வாங்கினேன். வாங்கியதற்காக வருத்தமில்லை. எப்போதும் 1.4-லேயே, அதாவது லென்ஸின் துளையை முழுசாகத் திறந்து வைத்து எடுத்ததுதான் தவறு. முழு ஃப்ரேம் கேமராவில் அந்த லென்ஸை அப்படித் திறந்து வைத்து, இரண்டு மீட்டர் தள்ளி நிற்கும் ஆளை எடுத்தால், கூர்மையாக விழுவது சுமார் 5 சென்டிமீட்டர் ஆழம் மட்டும். மூக்கிலிருந்து காது வரைகூடச் சரியாக வராது. பெண்ணுக்கு ஓர் அடி பின்னால் கண் கலங்கி நின்ற அப்பா வெண்ணெயாக உருகிப் போனது அப்படித்தான். பின்னணி கரைந்தால் அழகு என்று எனக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நம் கல்யாணங்களில் பின்னணி என்பதே சொந்தக்காரர்கள்தான். இப்போது மணவறையில் எஃப் 4, 5.6 என்று துளையைச் சுருக்கிக்கொள்கிறேன். வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, ஏற்றுகிறேன். படத்தில் கொஞ்சம் மணல் தூவியது போல இருந்தால் அதைப் பார்த்து எந்த மகனும் அழமாட்டான்.

பெயர் எழுதி வைக்காததும் அந்த இரவில்தான் உறைத்தது. 'வெட்டிங் 14 ஃபைனல் புதுசு' என்று ஃபோல்டருக்குப் பெயர் வைத்தால் யாரைத் தேட முடியும்? தேதி, மண்டபம், இரு வீட்டுப் பெயர், முக்கியமான பெரியவர்கள் யார் யார் என்று நான்கு வரி போதும். மூன்று நகல், அதில் ஒன்று வேறு வீட்டில். 'சரியில்லாத' படங்களை அன்றைக்கே அழிக்காதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பந்திப் படத்தை நான் ஏற்கெனவே ஒதுக்கி வைத்திருந்தேன். சோம்பேறித்தனத்தால் அழிக்காமல் விட்டதுதான் அன்றைக்குக் காப்பாற்றியது.

அடுத்தது நிறம். இதைச் சொன்னால் தொழிலில் இருக்கும் சிலருக்குக் கோபம் வரும். எதிரில் இருப்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துத்தான் கேமராவின் மீட்டர் வெளிச்சத்தை அளக்கிறது. வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் படத்தை நிறைத்தால், ஐயோ அதிக வெளிச்சம் என்று எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். கறுத்த முகம் மை கொட்டினாற்போல் ஆகும். பிறகு வீட்டில் உட்கார்ந்து முகத்தை வெளுக்க வைப்போம். அது சாம்பல் பூசியது போல் வரும். முகத்தை அளந்து எடுங்கள், அல்லது எக்ஸ்போஷரை முக்கால், ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) ஏற்றிக்கொள்ளுங்கள். வேட்டியின் மடிப்பு கொஞ்சம் போனால் போகட்டும். ஒரு முறை ஒரு அம்மா ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, "பொண்ணு அழகா இருக்கா தம்பி, ஆனா இது யாரு?" என்று கேட்டார். ஐந்து பக்கம் தள்ளிப் பார்த்தார். மகளை அடையாளம் தெரிந்த ஒரே படம் நான் திருத்த மறந்தது.

மற்றவர் எடுத்த படத்தையே திரும்ப எடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆர்மேனியன் ஸ்திரீட்டில் 2012-இல் எர்னஸ்ட் ஸகாரெவிச் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் ஓவியத்துக்கு முன்னால் வரிசை பிடித்து நிற்பார்கள். நானும் நின்றிருக்கிறேன், மூன்று முறை. அந்தத் தெருவுக்கு இன்னொரு பக்கமும் உண்டு என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

தைப்பூசம்தான் எனக்குப் பெரிய பாடம். முதல் நாள் வெள்ளித் தேர் கிளம்பி, 2017-லிருந்து தங்கத் தேரும் சேர்ந்து, வழியெல்லாம் தேங்காய் உடைபட தண்ணீர்மலைக்குப் போகும். பல வருடங்கள் நான் எடுத்தது ஒன்றே ஒன்று: கன்னத்தில் வேல் குத்திய முகம். எல்லாக் கேமராவும் அங்கேதான் திரும்பியிருந்தது, என்னுடையதும் கூட. அந்தப் படங்களை இப்போது வரிசையாக வைத்துப் பார்த்தால் எந்த வருடம் எது என்று எனக்கே தெரியவில்லை. ஒரு வருடம் பேட்டரி தீர்ந்து பந்தலோரம் உட்கார்ந்திருந்தபோதுதான் மற்றதைப் பார்த்தேன். காவடி எடுத்தவரின் மனைவி, அவருடைய மூக்குக்கண்ணாடியையும் கைப்பேசியையும் புடவையில் முடிந்துகொண்டு, எலுமிச்சம்பழத்தோடு பின்னாலேயே நடந்தார். அவர் நின்றால் நின்றார், ஆடினால் வழிவிட்டார். மலைக்கோவிலுக்கு 513 படி. அதையும் அந்த அம்மா அப்படியேதான் ஏறியிருப்பார். அடுத்த வருடத்திலிருந்து நான் கூட வருகிறவர்களைத்தான் எடுக்கிறேன். இந்தப் படங்களுக்கு இணையத்தில் லைக் குறைவு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் "அதுல ஒரு காப்பி கிடைக்குமா" என்று வீடு தேடி வருவது இதற்குத்தான்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பொன்னொளி நேரம் என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு ஐந்து டிகிரிதான் வடக்கே. சூரியன் கிட்டத்தட்ட நேராக இறங்குவதால் அந்த ஒளி அரை மணி நேரம்கூட நிற்காது. மதியம் ஒன்றேகால் வாக்கில் உச்சிக்கு வந்து கண்குழியைக் கருக்கும். அப்போது பழைய கடைகளின் முன்னால் இருக்கும் ஐந்தடி நடைபாதைக்குள் ஆளை நிறுத்துங்கள். மேலே கூரை, எதிரே வெயில் பட்ட தரை. முகத்தில் விழுவது மெத்தென்ற வெளிச்சம். நம் ஊரிலேயே இருக்கிற ஸ்டூடியோ அது, வாடகையும் கிடையாது.

இப்போதெல்லாம் எந்த விசேஷத்துக்குப் போனாலும் முதல் வேலை, வீட்டுப் பெரியவர்களை ஒருவர் ஒருவராக வெளிச்சம் பார்த்து உட்காரவைத்து எடுப்பது. எதற்கென்று சொல்வதில்லை. அவர்களுக்குத் தெரியும். போன மாதம் குவீன் ஸ்திரீட்டில் பூக்கடைப் பாட்டி ஒருவர் அவராகவே கூப்பிட்டு, "வீட்ல மாட்டுற மாதிரி ஒன்னு எடுய்யா" என்றார். எடுத்து, எட்டு ஆர் (எட்டுக்குப் பத்து அங்குலம்) அளவில் பிரிண்ட் போட்டு, பணம் வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு, தள்ளி வைத்து, கிட்ட வைத்துப் பார்த்தார்.

"தோடு தெரியலையே. இன்னொன்னு எடு."