எழுந்து போகத் தெரிந்த நாய்

என் பேரனுக்கு எட்டு வயது. ஆட்டிசம். பேச்சு என்று பார்த்தால் பத்துப் பதினைந்து சொல் தேறும். மகள் வேலைக்குப் போகிறாள், பள்ளி விட்டால் அவன் என்னிடம்தான். தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்தில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். 1996-ல் தூத்துக்குடியிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தேன். நாயை வாசல்படி தாண்ட விடாத வீட்டில் வளர்ந்தவள் நான். இப்போது என் சோபாவில் பழுப்பு நிறத்தில் ஒன்று குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறது. கோயிலில் பார்க்கிறவர்கள், "மாமி, எங்க பிள்ளைக்கும் ஒரு நாய் பார்க்கலாமா?" என்று கேட்கிறார்கள். அவர்களிடம் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் நாங்கள் செய்த தப்பு. விலங்குக் காப்பகத்துக்குப் போன அன்று பேரன் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, நல்ல மனநிலையில் இருந்தான். பஞ்சு மாதிரி ஒரு வெள்ளைக் குட்டை நாய் அவன் மடியில் ஏறி உட்கார்ந்தது. எங்களுக்கெல்லாம் கண் கலங்கிவிட்டது. அன்றே கூட்டி வந்தோம். நாலாம் நாள் லோட் ஷெடிங் மின்வெட்டில் டிவி அணைந்தது. அவன் கையை உதறிக்கொண்டு வீல் என்று கத்தினான். ஓடிப்போய் நாயை இறுக்கிப் பிடித்தான். அது பயந்து கடித்ததில் சட்டைக் கை கிழிந்தது. நல்லவேளை, தோல் தப்பியது. நாய்மேல் ஒரு குற்றமும் இல்லை. பிள்ளையின் நல்ல நேரத்தை மட்டும் காட்டி நாயைத் தேர்ந்தெடுத்தது நாங்கள்தான்.

அதனால் காப்பகத்துக்குக் கிளம்பும் முன், பிள்ளையின் மிக மோசமான அரைமணி நேரத்தை ஒரு தாளில் எழுதுங்கள். கத்துவானா, பொருளை எறிவானா, கட்டிப்பிடித்து நசுக்குவானா, கேட் திறந்தால் ஓடுவானா, கையில் கிடைத்ததை வாயில் போடுவானா, வலிப்பு வருமா. கூச்சப்படாமல் போனில் வீடியோவும் எடுத்து, காப்பகத்தில் நாய்களைப் பார்த்துக்கொள்கிறவரிடம் காட்டுங்கள். எந்த நாய் எதைத் தாங்கும் என்று தினமும் சோறு வைக்கிற அவருக்குத்தான் தெரியும்.

நசுக்குகிற பிள்ளைக்கு எலும்பு கனத்த, வளர்ந்த நாய் வேண்டும். நடைவண்டியிலோ சக்கர நாற்காலியிலோ இருக்கிற பிள்ளைக்கு மேலே தாவுகிற நாய் ஆகாது. அந்த வண்டியையே காப்பகத்துக்குக் கொண்டுபோய் நாய்முன் உருட்டிப் பாருங்கள். எதையும் வாயில் போடுகிற பிள்ளை என்றால் பூனை மணல் தொட்டி அவன் கைக்கு எட்டவே கூடாது. குட்டி நாய் மட்டும் வேண்டாம். பல் முளைக்கும்போது கையைக் கடிக்கும், பெரிதானால் எப்படி மாறும் என்றும் சொல்ல முடியாது. இரண்டு வயதுக்கு மேல் என்றால் குணம் தெரிந்துவிடும். நக்கினாலே உடம்பு கூசுகிற பிள்ளைக்கு அமைதியான வளர்ந்த பூனை பொருந்தலாம். முயலுக்கு எலும்பு லேசு. ஆமையிடமிருந்து சால்மோனெல்லா கிருமி தொற்றும், அதனால் எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளை இருக்கிற வீட்டில் அதுவும் வேண்டாம்.

முதல் தடவை பிள்ளை இல்லாமல் போங்கள். மறுபடி நாய் பார்க்கப் போனபோது நான் பையில் ஒரு எவர்சில்வர் டம்ளர் கொண்டுபோனேன். நாய் வேறு பக்கம் பார்க்கும்போது சிமெண்ட் தரையில் நழுவ விட்டேன். ஒரு நாய் மூலைக்கு ஓடியது, கிளம்பும்வரை வரவேயில்லை. இன்னொன்று டம்ளரைப் பார்த்துக் குரைத்துத் தீர்த்தது. இந்தப் பழுப்பு துள்ளிக் குதித்தது, காது இரண்டும் பின்னால் போயின. அப்புறம் கழுத்தை நீட்டி வந்து டம்ளரை மோந்தது, உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று எட்டியும் பார்த்தது. பயப்படாத நாய் கிடையாது. பயந்தது எவ்வளவு சீக்கிரம் தெளிகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

பிறகு காப்பகத்து ஆளை அதன் காது, பாதம், வாலை மெல்லத் தொடச் சொன்னேன். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சிலைபோல் விறைத்து நிற்கிற நாயைச் சாது என்று நினைத்துவிடுகிறோம். உதட்டை நக்குவது, தூக்கமில்லாத நேரத்தில் கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது எல்லாம் "போதும்" என்று அது சொல்கிற விதம். வால் பிடித்தது போதும் என்று தோன்றியதும் இந்தப் பழுப்பு எழுந்து நாலடி தள்ளிப் போய்ப் படுத்துக்கொண்டது. அந்த நாலடிக்காகத்தான் இதை எடுத்தேன்.

அடுத்த மூன்று தடவை பேரனோடு போனேன். அதில் ஒன்று வேண்டுமென்றே பள்ளி விட்டுக் களைத்திருக்கும் நேரம். அவன் பிளாஸ்டிக் கரண்டியைச் சுழற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், நாயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாய் கொஞ்ச தூரத்தில் படுத்தது. "தொடுடா, தொடுடா" என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 1953-ல் தொடங்கிய தென்னாப்பிரிக்க வழிகாட்டி நாய்கள் சங்கம் ஆட்டிசப் பிள்ளைகளுக்கென்றே நாய்களைப் பழக்கித் தருகிறது. அது வேறு. காப்பகத்து நாய் துணைக்குத்தான். பிள்ளையை அதன் கயிற்றில் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. வலிப்பு வருவதை முன்கூட்டிச் சொல்லும் என்றும் நம்பக் கூடாது.

காப்பகத்தார் வீட்டுக்கு வந்து மதிலையும் கேட்டையும் பார்ப்பார்கள், பார்க்கட்டும். வெறிநோய் ஊசி இந்த நாட்டில் சட்டப்படி கட்டாயம், டர்பன் இருக்கிற குவாசுலு-நட்டால் மாகாணத்தில் அந்த நோய் இன்னும் ஒழியவில்லை. மூன்று மாத வயதில் முதல் ஊசி, அதிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் இரண்டாவது, அப்புறம் மூன்று வருடத்துக்கு ஒரு தடவை. அட்டையைக் கேட்டு வாங்குங்கள். டர்பன் ஈரத்தில் உண்ணி அதிகம், அதனால் பிலியரி என்கிற ரத்த நோய் வரும். நாய் சோர்ந்து, ஈறு வெளுத்தால் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள். பூச்சி மருந்தையும் தவறவிடக் கூடாது.

வீட்டுக்கு வந்த நாய்க்கு மூன்று நாள் திகைப்பு, மூன்று வாரம் பழக்கம், மூன்று மாதம் கழித்துத்தான் சொந்த வீடு என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அது கொஞ்சம் கூடவே ஆனது. துணி துவைக்கும் மூலையில் அதற்கு ஒரு பாய் போட்டு, குறுக்கே குழந்தைக் கேட் வைத்திருக்கிறேன். தரையில் சிவப்பு டேப். டேப்பைத் தாண்டிப் பேரன் போகக் கூடாது. விரித்த கை தடவுகிற படம் ஒன்று, இறுக்கிப் பிடிக்கிற கையில் பெருக்கல் குறி போட்ட படம் ஒன்று, இரண்டும் சுவரில் அவன் கண் உயரத்தில் இருக்கின்றன. நாய்க்குத் தண்ணீர் ஊற்றுவது அவன் வேலை. இருவரையும் தனியே விடுவதில்லை. அடுப்பில் சோறு பொங்கினாலும் முதலில் அந்தக் கேட்டைச் சாத்திவிட்டுத்தான் போவேன்.

தீபாவளிக்குத் தெருவெல்லாம் வெடி. போன வருடம் அரைமணி முன்பே நாயின் பாயை நடைவழிக்கு இழுத்துப் போட்டு, ரூம் கதவுகளைச் சாத்தி, கதவடியில் துண்டைச் செருகினேன். பேரன் காதடைப்பான் மாட்டிக்கொண்டு ஒரு கோடியில், நாய் இன்னொரு கோடியில், நடுவில் முறுக்குத் தட்டோடு நான். பத்து மணிக்கு மேல் பார்த்தால் அவன் தன் கரண்டியைத் தரையில் தள்ளித் தள்ளி நாயின் முன்னங்கால்வரை கொண்டுபோயிருந்தான். அது மோந்து பார்த்தது, அப்புறம் எழுந்து நாலடி தள்ளிப் போய்ப் படுத்தது. அவன் கரண்டியை எடுத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து தள்ள ஆரம்பித்தான்.