ஆய்வுக்கோவைக்கு முதல் கட்டுரை அனுப்புவது எப்படி? எல்லையோர மாணவர்களுக்கு ஒரு செய்முறை

கருத்தரங்க அறிவிப்பு வாட்ஸ்அப்பில் வந்ததும் எங்கள் பாலக்காட்டு மாணவர்கள் முதலில் கேட்பது, "டீச்சர், எத்தனை பக்கம் எழுதணும்?" என்பதுதான். பக்கக் கணக்கைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமுமாக வளர்ந்த நமக்கு எழுத நிறையவே இருக்கிறது. அதை ஆய்வுக்கோவையில், அதாவது கருத்தரங்கக் கட்டுரைகளின் தொகுப்பில், அச்சேறும்படி எப்படிக் கொண்டுவருவது என்று யாரும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

1. அறிவிப்பை வரிவரியாகப் படியுங்கள்

ஆய்வுச்சுருக்கம், முழுக் கட்டுரை, பதிவுக் கட்டணம் மூன்றுக்கும் பெரும்பாலும் வெவ்வேறு கடைசி நாள் இருக்கும். மூன்றையும் நாட்காட்டியில் குறித்துவையுங்கள். அடுத்து, தொகுப்பு நூலாக வருகிறதா, இதழின் சிறப்பிதழாக வருகிறதா என்று பாருங்கள். நூலுக்கு ஐஎஸ்பிஎன் இருக்கும்; அது 13 இலக்கம். இதழுக்கு ஐஎஸ்எஸ்என், அது 8 இலக்கம். இரண்டையும் குழப்பிப் போட்ட அறிவிப்பைக் கண்டால், பணம் கட்டுமுன் ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டுவிடுங்கள். யுஜிசி-கேர் (பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற இதழ்களின்) பட்டியலில் உள்ள இதழ் என்று இன்னும் விளம்பரம் வருகிறது. அந்தப் பட்டியலை யுஜிசி 2025 பிப்ரவரியிலேயே கைவிட்டுவிட்டது.

2. தலைப்பைக் கையடக்கமாக வெட்டுங்கள்

நேரம் அதிகம் செலவாக வேண்டிய இடம் இதுதான். "கேரளத் தமிழர் வாழ்வியல்" என்று ஒரு மாணவி கொண்டுவந்தாள். பத்துப் பக்கத்தில் அதை எழுத யாராலும் முடியாது. பேசிக்கொண்டிருந்தபோது அவள் தாத்தா தென்னையில் பாளை சீவுகிறவர் என்று தெரிந்தது. சித்தூர் வட்டம் கள்ளுக்குப் பேர்போனது. இங்கிருந்துதான் மற்ற மாவட்டங்களுக்கெல்லாம் வண்டி போகிறது. வாளையாறு தாண்டினால் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. அப்படியானால் அங்கே புழங்காமல் போகும் தொழில் சொற்கள் இங்கே புழக்கத்தில் நிற்கின்றனவா? மலையாளச் சொல் அவற்றின் இடத்தைப் பிடித்திருக்கிறதா? இதுதான் கேள்வி. தலைப்பு, "கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் கள் இறக்குவோரின் தொழில் சொற்கள்" என்று ஆனது.

ஒரு ஊர், ஒரு தொழில், ஒரு கேள்வி. முதல் கட்டுரைக்கு இது போதும். நீங்கள் தேர்ந்த தலைப்பில் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். கேள்வி கிடைக்காவிட்டால் இன்னும் கொஞ்சம் வெட்டுங்கள்.

3. தரவைத் திரட்டும்போதே குறித்துவையுங்கள்

யாரிடம், எந்த ஊரில், எந்தத் தேதியில் கேட்டீர்கள் என்பதை அன்றைக்கே நோட்டில் எழுதுங்கள். ஒலிப்பதிவு செய்வதற்கும் பெயரை அச்சில் போடுவதற்கும் தனித்தனியாக அனுமதி கேளுங்கள். பெயர் வேண்டாம் என்றால் "தகவலாளர் 1, ஆண், வயது 68" என்று போட்டால் போதும். சொல்லை அவர் ஒலித்தபடியே முதலில் எழுதிக்கொண்டு, பொருளைப் பக்கத்தில் குறியுங்கள். வீட்டுக்கு வந்து எழுத்துத் தமிழுக்குத் திருத்தினால் ஆய்வே கைநழுவிவிடும்.

4. சுருக்கத்தைக் கடைசியில் எழுதுங்கள்

அனுப்புவது முதலில்தான். ஆனாலும் கட்டுரையின் எலும்புக்கூடாவது தயாரான பிறகே சுருக்கத்தில் கை வையுங்கள். கேட்ட கேள்வி, எடுத்த தரவு, ஆராய்ந்த முறை, கண்ட முடிவு: இந்த நான்கும் வந்துவிட்டால் 200 சொல்லில் முடிந்துவிடும். தமிழின் தொன்மையைப் புகழ்ந்து தொடங்கும் சுருக்கங்களில் பாதி இடம் அதிலேயே போய்விடுகிறது. தேர்வு செய்பவர் தேடுவது உங்கள் கொழிஞ்சாம்பாறையை. கீழே ஐந்தாறு திறவுச்சொற்கள் கொடுங்கள். ஊர்ப்பெயர் அதில் கட்டாயம் இருக்கட்டும்.

5. ஊர்ப்பெயரும் உங்கள் பெயரும்

எல்லையோரத்தவர் தனியாகக் கவனிக்க வேண்டியது இது. நமக்கு ஒரு சித்தூர் இருக்கிறது. ஆந்திரத்தில் மாவட்டமாகவே இன்னொரு சித்தூர். பாலக்காட்டில் கொல்லங்கோடு, கன்னியாகுமரி மாவட்டத்திலும் கொல்லங்கோடு. எங்கோ யாழ்ப்பாணத்திலோ கோலாலம்பூரிலோ உட்கார்ந்து படிப்பவருக்கு எப்படித் தெரியும்? முதல் முறை வரும்போது "சித்தூர் (பாலக்காடு மாவட்டம், கேரளம்)" என்று முழுதாக எழுதுங்கள். பிறகு சித்தூர் போதும். "சிற்றூர்" என்றும் எழுதலாம். ஆனால் கட்டுரை முழுக்க ஒரே வடிவம் வேண்டும்.

உங்கள் பெயரிலும் இதே சிக்கல். கேரளச் சான்றிதழில் தலைப்பெழுத்து பெயருக்குப் பின்னால் வரும். தமிழ்ப் பதிப்பாளர் அதை முன்னால் கொண்டுபோய் வைப்பார். முனைவர் பட்டப் பதிவிலோ நேர்காணலிலோ "இந்தக் கட்டுரை உங்களுடையதுதானா?" என்று கேட்கும் நிலை வேண்டாம். பல்கலைக்கழகப் பதிவில் எப்படியோ அப்படியே அச்சிடும்படி மின்னஞ்சலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

6. யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள்

என் முதல் கட்டுரையைப் பழைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்து அனுப்பினேன். அந்த எழுத்துரு பதிப்பகத்தின் கணினியில் இல்லை. நூலில் மூன்று பக்கம் வெறும் கிறுக்கலாக வந்தது. நூலகத்தில் அந்தத் தொகுதி இன்றும் அப்படியேதான் இருக்கிறது. உங்களுக்கு அது நடக்கக் கூடாது.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் எழுத்து ஆங்கில எழுத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். யூனிகோடில் தமிழுக்கென்று தனி இடம் உண்டு. தமிழ்நாடு அரசும் 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றது. நம் ஊர் டிடிபி கடைகளில் மலையாள எழுத்துருக்கள்தான் இருக்கும். அங்கேயும் யூனிகோடு கோப்பு விண்டோஸில் வரும் லதா, நிர்மலா எழுத்துருக்களில் சிக்கலில்லாமல் திறக்கும்.

இன்னொரு நுட்பம். சில பதிப்பகங்களில் இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருளில் பக்கம் கட்டுகிறார்கள். அதற்கு யூனிகோடு தெரியாது. உங்கள் கோப்பைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் ஏற்றுவார்கள். அப்போது இடையில் உள்ள ஆங்கிலச் சொற்கள் பொருளற்ற தமிழ் எழுத்துகளாகிவிடும். மலையாள எழுத்து காணாமலே போகலாம். மலையாளச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதி, சாய்வெழுத்தோ மேற்கோள் குறியோ இட்டு வேறுபடுத்துவது பாதுகாப்பு. "ஔ" என்பதை ஒ, ள என்று இரண்டாகத் தட்டாதீர்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் கணினித் தேடலில் அகப்படாது.

7. மேற்கோளும் சான்றும்

அறிவிப்பில் எந்த முறை சொல்லியிருக்கிறார்களோ அதையே பின்பற்றுங்கள். சொல்லாவிட்டால் ஒரு முறையைத் தேர்ந்து மாறாமல் நில்லுங்கள். சங்கப் பாடலுக்குப் பாடல் எண்ணும் அடி எண்ணும், இலக்கணத்துக்கு நூற்பா எண்ணும் போதும். பதிப்புக்குப் பதிப்பு மாறும் பக்க எண்ணை மட்டும் கொடுத்தால் தேடுகிறவர் தவித்துப்போவார். நீங்கள் நேரில் பார்க்காத நூலைப் பார்த்ததுபோல் பட்டியலில் சேர்க்காதீர்கள். இன்னொருவர் எடுத்தாண்டதிலிருந்து எடுத்தால் அதையே சொல்லுங்கள், அதில் குறைவொன்றுமில்லை.

யுஜிசியின் 2018 விதிமுறைப்படி பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காடு வரை தண்டனைக்குரியதாகாது. முறையாகக் குறிப்பிட்ட மேற்கோள்களும் துணைநூற்பட்டியலும் அந்தக் கணக்கில் வராது. அதனால் மேற்கோளுக்குப் பயப்பட வேண்டாம். குறிப்பிடாமல் விடுவதற்குப் பயப்படுங்கள்.

8. அனுப்புதல்

வேர்டு கோப்பையும் பிடிஎஃப்பையும் சேர்த்து அனுப்புங்கள். பதிப்பாளர் வேலை செய்வது வேர்டில். எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்று ஒப்பிட்டுப் பார்க்கப் பிடிஎஃப். கோப்பின் பெயரில் உங்கள் பெயர் இருக்கட்டும், "கட்டுரை" என்ற பெயரில் அவர்களுக்கு ஐம்பது கோப்பு வந்திருக்கும். படங்களைத் தனிக் கோப்பாகவும் இணையுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கி, அச்சில் மங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் சுருங்காது. பெற்றுக்கொண்டதாகப் பதில் வரும்வரை விடாதீர்கள். ஒரு வாரம் பார்த்துவிட்டு மரியாதையாக நினைவூட்டுங்கள்.

9. மெய்ப்பு

அச்சுக்கு முன் திருத்திப் பார்க்க அனுப்பும் படிதான் மெய்ப்பு. அதற்குப் பெரும்பாலும் ஒரே நாள் அவகாசம்தான் தருவார்கள். தலைப்பு, பெயர், ஊர்ப்பெயர்கள், எண்கள், தகவலாளரின் சொற்கள் என்ற வரிசையில் பாருங்கள். ஒற்றுப்பிழையைப் பிறகும் பார்க்கலாம். வட்டாரச் சொல்லைப் பிழை என்று நினைத்து யாரேனும் திருத்தியிருந்தால் அதைக் கட்டாயம் மீட்க வேண்டும். புதிய பத்தி சேர்க்க இது நேரமல்ல.

10. நூல் வந்த பிறகு

அட்டை, உரிமைப் பக்கம், பொருளடக்கம், உங்கள் கட்டுரை எல்லாவற்றையும் நகலெடுத்து வையுங்கள். பின்னாளில் பக்க எண்ணும் ஐஎஸ்பிஎன்னும் கேட்பார்கள்.

பிறகு தகவல் தந்தவரிடம் போங்கள். நம் பக்கத்தில் தமிழ் பேசுகிற பலர் படித்தது மலையாளப் பள்ளியில். தமிழ் எழுத்து வாசிக்க வராது. நூலைக் கையில் கொடுத்துவிட்டு வராமல், உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். நாங்கள் போனபோது அந்தத் தாத்தா முழுதும் கேட்டுவிட்டு, "எல்லாஞ் செரிதானுங்க டீச்சர், ஆனா பாளைக்கத்தின்னு போட்டிருக்கீங்களே, நாங்க வெறுங் கத்தின்னுதான சொல்லுவோம்" என்றார். அவள் நோட்டை எடுத்து அந்தத் திருத்தத்தைத் தேதியோடு எழுதிக்கொண்டாள்.